அலமாரியை அடுத்த நாற்காலி

“…எனக்குச் செய்யலட்டி நீ. செத்துப்போன உங்க அம்மைக்குச் செய்யுத. நான் உங்க அம்மை இல்ல, பாத்துக்க. அந்த பேசினைக் கீழ வை.”

கட்டிலில் உட்கார்ந்தபடி அக்கா இதைச் சொன்னபோது நான் அவர் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். தூக்கிச் சொருகிய சேலை, தோளில் துண்டு, கையில் அலுமினிய பேசின், கணுக்காலுக்கு மேல்வரை காளிகாட் சந்துச் சேறு. புனித வெள்ளிக்கு மறுநாள் அது. சனிக்கிழமைதோறும் வந்து அவரைக் குளிப்பாட்டித் தலை சீவிவிட்டுப் போகிறவள் நான். அன்றைக்கும் அதற்குத்தான் வந்திருந்தேன்.

எனக்குப் படிப்பு பத்தாவது வரைதான். அதற்குமேல் தெரிந்துகொண்டதெல்லாம் மனிதர்கள் சொல்லக் கேட்டது. வங்காள மொழியைக்கூட மீன்காரர்களிடம் பேரம் பேசியே கற்றுக்கொண்டேன். யாராவது நறுக்கென்று ஒன்று சொல்லிவிட்டால் அதை இரண்டு நாள் வாயில் போட்டு மென்றுகொண்டே திரிவேன். பிறகு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பேன். அக்கா சொன்ன இந்த ஒன்றை மட்டும் இன்றுவரை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

அக்கா என்றால் கூடப்பிறந்தவர் இல்லை. எங்கள் தமிழ்ச் சபையில் எல்லோருக்கும் அவர் அக்கா. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இளம் வயதில் நர்ஸ் வேலைக்குக் கல்கத்தா வந்தவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஓய்வு பெற்ற பிறகும் ஊருக்குத் திரும்பவில்லை. காளிகாட்டில் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்தில் ஓர் அறை. மாடியில் வீட்டுக்காரரான வங்காளி அம்மா. மாஷிமா, அதாவது சித்தி, என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். சபை என்று பெயரே தவிர எங்களுக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. வங்காளி சபையார் காலையில் ஆராதனை முடித்துப் போன பிறகு, அவர்களுடைய கோயிலிலேயே சாயங்காலம் எங்கள் ஆராதனை. துறைமுகம், வங்கி, ராணுவம் என்று மாற்றலில் வருகிற குடும்பங்கள். பிள்ளைகள் வங்காளத்தில் சண்டை போடப் பழகுவதற்குள் அடுத்த மாற்றல் வந்துவிடும். வந்து, போகாமல் இருந்தவர் அக்கா ஒருவர்தான்.

நாங்கள் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்தோம். என் கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. பவானிபூரில் வீடு பார்த்திருந்தோம். ஹவுராவில் ரயிலைவிட்டு இறங்கி, பெட்டிகளையும் பிள்ளைகளையும் எண்ணிக்கொண்டு திகைத்து நின்றபோது, முன்பின் தெரியாத ஒரு பெண் கையில் தூக்குச்சட்டியோடு வந்து, “புளிச்சோறு. இன்னைக்கு உன்னால அடுப்பு பத்தவைக்க முடியாது” என்றார். அதுதான் எங்கள் முதல் அறிமுகம். புதிதாக வருகிற எந்தத் தமிழ்க் குடும்பமானாலும், கோயிலுக்கு வருகிறவர்களோ வராதவர்களோ, ஹவுராவில் அந்தத் தூக்குச்சட்டி நிற்கும். “ஜெபம் பண்ணுதேன், ஜெபம் பண்ணுதேன்னு சும்மா சொல்லிட்டுப் போகாதட்டி. கையில ஒரு தூக்குச்சட்டி இருந்தா ஜெபம் தன்னால வரும்” என்பார். பாடினால் நாலு வீடு தள்ளிக் கேட்கும் குரல். ஆண்டவரைப் பற்றிப் பேசும்போது பக்கத்து வார்டு டாக்டரைப் பற்றிப் பேசுகிற மாதிரி உரிமையாகப் பேசுவார். ஒருமுறை கோயிலில் அவருக்கென்று முன்னால் நாற்காலி போட்டார்கள். அதில் தன் கைப்பையை வைத்துவிட்டுக் கடைசியில் போய் நின்றுகொண்டார். கேட்டதற்கு, “ஊழியக்காரிக்கு யாரும் நாற்காலி போடமாட்டாவ. போட்டாவன்னா எந்திரிச்சிரணும்” என்றார்.

பெரிய வியாழன் ராத்திரியில் ஆண்டவர் தம் சீஷர்களின் கால்களைக் கழுவினார் அல்லவா, அதை நினைத்து எங்கள் சபையிலும் கால் கழுவுவோம். மற்ற இடங்களில் போதகர் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுத்துக் கழுவுவார். எங்களுக்கு அது வேறு மாதிரி. ஒரு வருடம் போதகரால் வர முடியாமல் போனது. இந்த வருடம் கால் கழுவுதல் இல்லை என்று பெரியவர்கள் அறிவிக்க எழுந்தபோது அக்கா, “போதகர் வரலைன்னா ஆண்டவரும் வரமாட்டாராக்கும்?” என்று கேட்டார். கேட்டதோடு நிற்கவில்லை. பெண்களைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய் நாற்காலிகளை வட்டமாகப் போட்டார். ஒவ்வொருத்தியும் தன் இடப்பக்கம் இருப்பவளின் காலைக் கழுவ வேண்டும். பேசின் அப்படியே சுற்றி வரும். கடைசி ஆள் முதல் ஆளுக்குக் கழுவும்போது வட்டம் முடிந்துவிடும். கழுவாதவளும் இல்லை, கழுவப்படாதவளும் இல்லை. பிறகு போதகர் வந்த வருடங்களிலும் பெண்கள் பக்கம் அதுவே வழக்கமாகிவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அடுத்தவள் காலைத் தொடப்போகிறாளே என்ற வெட்கத்தில் நாங்கள் எல்லோரும் மத்தியானமே வீட்டில் உட்கார்ந்து, நுரைக்கல்லும் எலுமிச்சைத் தோலும் வைத்துக் காலைத் தேய்த்துத் தேய்த்து வெளுக்க வைத்துக்கொண்டு வருவோம். கழுவின தண்ணீரைப் பார்த்தால் குடிக்கலாம் போலிருக்கும். “இதுக்கு எதுக்குட்டி தண்ணி? காலைப் பாத்துக் கும்பிட்டுட்டுப் போயிரலாமே” என்று அக்கா கேலி செய்வார். ஒரு வருடம் புதிதாகக் கல்யாணமாகி வந்த ஒரு பெண், அவளுடைய வங்காளி வீட்டுக்காரம்மாவிடம் இன்றைக்குக் கால் சம்பந்தமான பண்டிகை என்று சொல்லியிருக்கிறாள். அந்த அம்மா ஆசையாக அவள் பாதங்களுக்குச் சுற்றிலும் சிவப்பாக ஆல்தா பூசி அனுப்பிவிட்டார். பக்கத்துப் பெண் தண்ணீர் விட்டாளோ இல்லையோ, பேசின் முழுக்க ரத்தச் சிவப்பு. ஒருத்தி “ஐயோ!” என்று கத்தியேவிட்டாள். மற்றவர்கள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குலுங்குகிறோம். அந்தப் பெண் அழுதுவிடும்போல் இருந்தாள். அக்கா எழுந்துபோய் அந்தச் சிவப்புத் தண்ணீரில் கைவிட்டு அவள் பாதத்தை நிதானமாகத் தேய்த்தபடியே, “சிரிக்காதீங்கட்டி. இன்னைக்கு இவ காலைத்தான் நிசமாக் கழுவியிருக்கு” என்றார்.

இனி என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரில் அம்மா பல மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். கல்கத்தாவிலிருந்து எங்கள் ஊருக்குப் போக இரண்டு ராத்திரி ரயில். இடையில் சென்னையில் இறங்கி மாற வேண்டும். பெரியவனுக்குப் பரீட்சை, சின்னவளுக்குக் காய்ச்சல், கணவருக்கு லீவு இல்லை. ஒவ்வொன்றும் நிஜமான காரணம்தான். எஸ்.டி.டி. பூத்தில் சிவப்பு எண்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே பேசுவேன். “நல்லாத்தான் இருக்கேன். நீ பிள்ளையளப் பாரு” என்பாள். ஒரே ஒரு முறை போய் நாலு நாள் இருந்தேன். அந்த நாலு நாளும், அம்மாவைப் பார்த்துக்கொண்ட மதினி, என் அண்ணன் மனைவி, என்னை எதையும் தொடவிடவில்லை. குளிப்பாட்டப் போனால், “நீங்க களைச்சு வந்திருக்கீய, உக்காருங்க மதினி.” தலை சீவ எடுத்தால், “எனக்குத்தான் அத்தைக்கு எங்க வலிக்கும்னு தெரியும்.” அன்பாகத்தான் சொன்னாள். நான் விருந்தாளி மாதிரி உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு ரயிலேறினேன். அடுத்தமுறை போனபோது கல்லறை மண் காயாமல் கிடந்தது.

அந்த வருடக் குளிர்காலத்தில் அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் போயின. வலது கால் கொஞ்சம் தேறியது, கை தேறவில்லை. வார நாட்களில் உதவிக்கு ஒரு வங்காளிப் பெண் வந்துபோனாள். சனிக்கிழமையை நான் எடுத்துக்கொண்டேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. வெந்நீர் போட்டு, எண்ணெய் தேய்த்து, குளிப்பாட்டி, நகம் வெட்டி, தலை உலர்த்தி, சேலை துவைத்துப் போட்டு, வாரம் முழுவதற்கும் பொடியும் ஊறுகாயும் வைத்துவிட்டு வருவேன். “சனிக்கிழமை நம்ம வீட்டுல யாருக்கும் காய்ச்சல் வரக்கூடாது, சொல்லிட்டேன்” என்று என் கணவர் பிள்ளைகளிடம் கிண்டலாகச் சொல்லுவார். கோயிலில் வங்கி அதிகாரியின் மனைவி ஒருவர், “உங்களுக்குப் பரலோகத்துல முன்வரிசைதான்” என்றார். அந்தப் பேச்சு எனக்கு மருந்துபோல வேலை செய்யும். வலி கொஞ்ச நேரம் அடங்கும். ஞாயிறு ராத்திரிக்குள் திரும்பிவிடும். உடனே அடுத்த சனிக்கிழமைக்கு என்ன செய்து எடுத்துப்போகலாம் என்று யோசிக்க ஆரம்பிப்பேன்.

அக்காவுக்கு அது பிடித்திருந்ததா என்று நான் கேட்டதில்லை. இடது கையால் பட்டாணி உரிக்க எடுப்பார். நான் வாங்கி உரித்துவிடுவேன். கெட்டிலைத் தூக்குவார், “யக்கா, கையச் சுட்டுக்கிடுவீங்க, குடுங்க” என்று பிடுங்கிவிடுவேன். “ஒரு டம்ளர் தேத்தண்ணி உனக்கு ஊத்திக் குடுத்தா என் கை என்ன அறுந்தா விழும்?” என்பார். “இத்தன வருசம் எல்லாருக்கும் செஞ்சீங்கல்லா, இனி உக்காருங்க” என்பேன். உட்காருவார். அதை நான் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கிறிஸ்துமஸ் முடிந்ததிலிருந்தே கேட்க ஆரம்பித்துவிட்டார். “வாற பெரிய வியாழன் நான் கழுவணும். நீ என் இடப்பக்கம் உக்காரு. உன் காலத்தான் கழுவணும்.” பார்க்கலாம் என்றேன். அடுத்த வாரமும் கேட்டார். “பாப்போம்க்கா” என்றேன். குனிந்தால் தலைசுற்றும், விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும் என்று டாக்டர் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. அது ஒன்றும் பொய்யில்லை.

பெண்கள் ஐக்கியத்தின் பொறுப்பு அந்த வருடம் என்னிடம் இருந்தது. வியாழன் மாலை முன்னதாகவே போய் நாற்காலிகளை நான்தான் போட்டேன். வட்டமாகப் போடாமல் வரிசையாகப் போட்டேன். கடைசி நாற்காலி, பாட்டுப் புத்தகங்கள் வைக்கும் மர அலமாரியை ஒட்டி இருந்தது. அதில் அக்கா. முதல் நாற்காலியில் நான். இப்படிப் போட்டால் அக்காவுக்கு வலப்பக்கத்துப் பெண் கழுவிவிடுவாள். அக்கா குனிய வேண்டியதில்லை. முதலில் இருப்பவளுக்குக் கழுவ ஆள் இருக்காது. அது நானாகவே இருந்துவிட்டுப் போகட்டும். என் காலை யாரும் கழுவ வேண்டாம் என்று நான் விட்டுக்கொடுத்ததை நினைத்து எனக்கே மனது நிறைந்துபோனது. தாழ்மை என்று நான் அதற்குப் பெயர் வைத்திருந்தேன்.

பேசின் நகர்ந்து நகர்ந்து போனது. பாட்டு நடந்துகொண்டிருந்தது. ஆல்தா பூசிக்கொண்டு வந்த பெண் இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். அக்காவின் கால்களைக் கழுவித் துடைத்தது அவள்தான். துடைத்துவிட்டு வழக்கம்போல் குவளையை அக்காவின் இடது கையில் கொடுத்துவிட்டாள். அக்கா குவளையில் தண்ணீர் மொண்டார். மொண்டு இடப்பக்கம் திரும்பினார். அங்கே அலமாரி.

திரும்பியவர் திரும்பியபடியே இருந்தார். அலமாரியின் பூட்டைப் பார்த்தார். பிறகு வரிசை நெடுக ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து கடைசியில் என்னிடம் நின்றார். குவளைத் தண்ணீர் மடியில் சிந்திக்கொண்டிருந்தது. நான் ஓடிப்போய்க் குவளையை வாங்கி, “முடிஞ்சிட்டுக்கா” என்றேன். எல்லோரும் அடுத்த பாட்டுக்கு எழுந்துவிட்டார்கள். அவரை மட்டும் நான் தோளில் கைவைத்து உட்காரச் செய்தேன்.

மெயின் ரோட்டிலிருந்து சந்துக்குள் கைரிக்‌ஷாவில் அவரைக் கூட்டிப்போனபோது நனைந்த மடியையே பார்த்துக்கொண்டு வந்தார். களைப்பு என்று நினைத்தேன். நினைத்தேன் என்று சொல்வதா, அப்படி நினைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன் என்று சொல்வதா? மறுநாள் புனித வெள்ளியின் மூன்று மணிநேர ஆராதனைக்கு அவர் வரவில்லை. கை கால் வராமல் இருந்த நாளிலும் எந்த ஆராதனையையும் தவறவிடாதவர். சிலுவையைப் பற்றிப் பிரசங்கம் நடக்கிறது. என் கண்ணுக்குள் அலமாரிப் பூட்டு.

சனிக்கிழமை மத்தியானம் வழக்கமான கோடைப் புயல், கால்பைசாகி, அடித்துத் தீர்த்தது. காளிகாட் மெட்ரோவைவிட்டு மேலே வந்தால் சந்துகளில் தண்ணீர். காளி கோயிலுக்குப் போய்வந்தவர்கள் சிந்திய செம்பருத்தி இதழ்கள், வாழை இலைத் துண்டுகள், சாக்கடை எல்லாம் கலந்து மிதக்கின்றன. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். வாசலில் மாஷிமா மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“திதி குப் ராக் கொரேசே,” என்றார். அக்கா ரொம்பக் கோபமாக இருக்கிறாராம்.

“யார்மேல் கோபம், மாஷிமா?”

மாஷிமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வங்காளத்தில் அடுக்கினார். நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. உங்கள் பண்டிகைக்காக மாசக்கணக்கில் பழகினாளே, அது என்ன ஆயிற்று? ஒரு கையால் ஈரத் துண்டைப் பிழிய வரவில்லை என்று ஜன்னல் கம்பியில் துண்டை மாட்டி, முறுக்கி முறுக்கிப் பழகினாள். முதலில் என் தரையெல்லாம் தண்ணீர். நான் சத்தம்கூடப் போட்டேன். அப்புறம் நன்றாக வந்துவிட்டது. என்னையே கூப்பிட்டு உட்காரவைத்து என் காலைக் கழுவிப் பார்த்தாள் தெரியுமா? நான் பிராமண வீட்டு விதவை. வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன், விடவில்லை. சொல்லிவிட்டு மாஷிமா தன் பாதங்களை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார்.

எனக்கு அங்கேயே திரும்பிப் போய்விடலாம் போலிருந்தது. ஆனால் என் கைக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை, வேலை செய்யத்தான் தெரிந்தது. உள்ளே போனதும் அவர் முகத்தைப் பார்க்காமல் கட்டிலுக்கடியிலிருந்த பேசினை எடுத்தேன்.

“வெந்நி போடுதேன்க்கா. மழை பாத்தீங்களா, என்னா மழை!”

“வச்சிரு.”

“தலைக்கு ஊத்திருவோம், இன்னைக்கு…”

“வச்சிருன்னு சொன்னேன்லா.”

“யக்கா, கோவமா? நீங்க விழுந்துரக்கூடாதேன்னுதான…”

“விழுந்தா விழுதேன். தரை பிடிச்சுக்கிடும்.” பிறகு குரல் தணிந்தது. “எனக்கு இருந்தது அது ஒண்ணுதான் கேட்டியா. நடக்க முடியல, ஹவுராவுக்குப் போக முடியல, பாட்டு பாதி வாய்க்குள்ளயே போயிருது. ஒரு கால் கழுவலாம்னு பாத்தேன். அதையும் நீயே எடுத்துக்கிட்டே. வாரா வாரம் வந்து என்னத் தேச்சுத் தேச்சுக் கழுவுத. போகும்போது பாரம் எறங்கின மாதிரி போற. எறக்கி வச்ச பாரத்த நான்லா சுமக்கேன்.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அம்மாவுக்குத்தான் ஒன்றும் செய்யக் கொடுத்துவைக்கவில்லை, உங்களுக்காவது என்று சொல்லியிருப்பேன்போல. அதை முடிக்கவிடவில்லை. அப்போதுதான் அதைச் சொன்னார். எனக்குச் செய்யலட்டி நீ.

ஊரில் மதினி அன்று நீட்டிய காப்பி டம்ளர் சம்பந்தமில்லாமல் என் கையில் கனத்தது. பேசினைக் கீழே வைத்தேன்.

அக்கா அதற்கடுத்த பெரிய வியாழனைப் பார்க்கவில்லை. மழைக்காலத்தின் கடைசியில் போய்விட்டார். அடுத்த வருடத்திலிருந்து நாங்கள் மாற்றலாகிப் போகும்வரை நாற்காலிகளை வட்டமாகத்தான் போட்டேன். இடைவெளி இருக்கிறதா என்று இரண்டு முறை சுற்றிவந்து பார்ப்பேன். மற்ற பெண்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

ஆனால் அன்றைக்கு அவர் உயிரோடு, கோபத்தோடு, என் எதிரில் இருந்தார். மூங்கில் மோடாவைக் கண்ணால் காட்டி, “உக்காரு” என்றார்.

உட்கார்ந்தேன். என் பாதங்களைப் பார்த்ததும் கூசியது. நகத்திலெல்லாம் கறுப்புச் சேறு. ஒரு செம்பருத்தி இதழ் குதிகாலில் ஒட்டியிருந்தது. “இருங்கக்கா, குழாயில காட்டிட்டு வந்துருதேன்” என்று எழப்போனேன்.

“அசையாத.”

இடது காலால் பேசினைத் தள்ளித் தள்ளி என் முன்னால் கொண்டுவந்தார். கட்டிலின் விளிம்புக்கு நகர்ந்து, செத்த வலக்கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, பக்கத்திலிருந்த செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினார். பாதி பேசினில், பாதி தரையில். என் வலது பாதத்தைக் குதிகாலில் பிடித்துத் தூக்கி, விரல் இடுக்குகளில் கட்டைவிரலை விட்டுத் தேய்த்தார். தண்ணீர் கறுத்தது. குனிந்த தலை கொஞ்சம் ஆடியது. பிடிக்கக் கையெடுத்தேன், பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டேன். என் தோளிலிருந்த துண்டை உருவி நனைத்து, கட்டிலை ஒட்டிய ஜன்னல் கம்பியில் மாட்டி முறுக்கினார். நன்றாகவே பிழிந்தார். துடைத்து முடிக்கும்போது அவருக்கு மூச்சு வாங்கியது.

நான் இடது காலை மெதுவாக முன்னால் நகர்த்தினேன்.

அக்கா அந்தச் சேற்றுக் காலைப் பார்த்தார். “அது வாற வருசத்துக்கு,” என்றார். துண்டை என் மடியில் போட்டுவிட்டு, ஒரு கையால் கொண்டையை அவிழ்த்து, சீப்பை எடுத்துத் தோளுக்கு மேலாகப் பின்னால் நீட்டியபடி, எனக்கு முதுகு காட்டித் திரும்பி உட்கார்ந்தார்.